ஒரே பந்தியில்: பிள்ளைகளுக்கு உணவுவேளைப் பண்புகளைக் கற்பித்தல்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் இந்தப் பழமொழியை எத்தனை கட்டுரைகளில் எழுதியிருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால், அந்த ஐந்து வயதுக்குள் பிள்ளையை எங்கே, எந்த நேரத்தில், எதைக் கொண்டு வளைப்பது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? என்னைக் கேட்டால், அதற்குரிய இடம் உணவு மேசை என்பேன். ஒரு பிள்ளை நாளைக்கு மூன்று வேளை உண்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,095 வேளை. எந்தப் பள்ளியிலும் இத்தனை பாடவேளை ஒரே பாடத்திற்குக் கிடைப்பதில்லை.

நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்துவிட்டு, இப்போது பல்கலைக்கழகத்தில் கல்வித்துறையில் பயில்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறை ஒன்றாக வாழ்கிறது. பாட்டி, அப்பா, அம்மா, அக்காள், அத்தான், நான், அக்காளின் நான்கு வயது மகன் என ஏழு பேர். அந்தப் பிள்ளையை முன்னிட்டுத்தான் இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் வீட்டில் கண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இந்த ஆண்டிதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்கள் பலர் இன்று பெற்றோர். மற்றவர்கள் சில ஆண்டுகளில் அந்த நிலையை அடையப் போகிறவர்கள். ஆகவே, இது நம் அனைவருக்கும் உரிய பாடம் எனலாம்.

பண்பு என்றால் என்ன?

உணவுவேளைப் பண்பு என்றதும் பலருக்குக் கரண்டியும் முள்கரண்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. எந்தக் கையில் எதைப் பிடிப்பது என்பது பண்பின் ஒரு சிறு பகுதியே. நம்முடன் உண்பவருக்கு அருவருப்பும் வருத்தமும் ஏற்படாமல் உண்பது, நமக்குக் கிடைத்தது அவருக்கும் கிடைத்ததா என்று பார்ப்பது ஆகிய இரண்டுமே இதன் அடிப்படை. மற்ற விதிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை.

எடுத்துக்காட்டாக, ‘எச்சில்’ என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்வோம். உண்ட கையால் பொதுச் சட்டியில் உள்ள அகப்பையைத் தொடக்கூடாது. கடித்த வடையைப் பொதுத் தட்டில் திரும்ப வைக்கக்கூடாது. பலரும் குடிக்கும் செம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். இவை யாவும் எச்சில் என்ற ஒரே கருத்திலிருந்து வருபவை. ‘உன் வாயில் பட்டது உன்னோடு இருக்கட்டும், மற்றவர் உணவில் கலக்க வேண்டாம்’ என்பதே இதன் பொருள். காரணத்தோடு சொன்னால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் இது புரிகிறது. ‘தொடாதே’ என்று அதட்டினால் அதட்டல் மட்டுமே மனத்தில் நிற்கிறது.

ஆசாரக்கோவை சொல்லும் பாடம்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று ஆசாரக்கோவை. பெருவாயின் முள்ளியார் இயற்றிய இந்நூலில் நூறு பாடல்கள் உள்ளன. நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்களைத் தொகுத்துக் கூறும் இந்நூல், உணவுக்கெனவும் சில பாடல்களை ஒதுக்கியிருக்கிறது. கால் கழுவி, வாய் தூய்மை செய்த பிறகே உண்ண வேண்டும். படுத்துக்கொண்டோ நின்றுகொண்டோ கட்டிலின் மேல் இருந்தோ உண்ணக்கூடாது. உண்ணும்போது வேறெதையும் பார்க்காமல், ஆடாமல் அசையாமல், சிந்தாமல் உண்ண வேண்டும். பெரியவர்களோடு உண்ணும்போது அவர்களுக்கு முன் உண்ணத் தொடங்கவும் கூடாது, அவர்களுக்கு முன் எழவும் கூடாது. இனிப்பை முதலிலும் கசப்பை இறுதியிலும் மற்றவற்றை இடையிலும் உண்ண வேண்டும். இவ்வாறு அப்பாடல்கள் வரையறுக்கின்றன.

அந்நூலின் விதிகள் எல்லாம் இன்றைக்குப் பொருந்தும் என்று நான் கூறவில்லை. உண்ணும்போது பேசவே கூடாது என்கிறது ஆசாரக்கோவை. நான் இக்கட்டுரையில் பேச வேண்டும் என்றே வாதிடப் போகிறேன். ஆனால், வேறெதையும் பார்க்காமல் உண்ண வேண்டும் என்ற விதி, கைப்பேசி பற்றிய நம் வீட்டுச் சண்டைகளுக்கு இன்றும் பொருந்துகிறது.

அந்நூலில் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு பாடல். விருந்தினர், முதியோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோருக்குக் கொடுத்த பிறகே இல்லத்தார் உண்ண வேண்டும் என்கிறது அது. பிள்ளைக்கு முதலில் ஊட்டிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. அது அன்பின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. கைக்குழந்தைக்கு அதுவே பொருத்தமும் ஆகும். ஆனால், நான்கைந்து வயது ஆன பின்னரும் பிள்ளைக்கு மட்டும் தனியாக, முன்னதாகவே ஊட்டி முடித்துவிட்டால் என்ன ஆகும்? அப்பிள்ளை ஒரு பந்தியிலும் உட்கார்ந்திருக்காது. பெரியவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற விதியை, பெரியவர்கள் உண்பதையே பார்க்காத பிள்ளை எங்கிருந்து கற்கும்? ஆகவே, பிள்ளைக்கு முதலில் பரிமாறலாம். ஆனால், அதைப் பந்தியிலேயே உட்காரவைத்துப் பரிமாற வேண்டும் என்பது என் கருத்து.

அண்டை வீட்டுப் பந்திகள்

தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் மற்ற இனத்தவர் வீடுகளில் உண்ணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நோன்புப் பெருநாளின்போது மலாய்த் தோழி ஒருத்தியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அங்கே விருந்தினர் கை கழுவுவதற்கு மூக்கு வைத்த ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அதற்கு மலாய் மொழியில் ‘கெண்டி’ என்று பெயர். நம் தமிழிலும் அது கெண்டிதான். அதை ஏந்தி வந்தவன் அவ்வீட்டின் கடைக்குட்டிச் சிறுவன். பெரியவர்கள் தடுக்காமல் அவனிடம் அப்பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். உண்ணும் முன் இறைவனை வேண்டினார்கள். ‘ஜெம்புட் மாக்கான்’ என்று அழைத்த பிறகே உணவில் கை வைத்தார்கள்.

சீனத் தோழியின் வீட்டில் கண்டது வேறு விதம். அவளுடைய தங்கை உணவுக் குச்சியை எடுப்பதற்கு முன், தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று ஒவ்வொருவரையும் முறை சொல்லி உண்ண அழைத்தாள். அவர்கள் தலையசைத்த பிறகே உண்ணத் தொடங்கினாள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைக்கக்கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். இறந்தோருக்கு ஏற்றும் ஊதுபத்தியைப் போல அது தோன்றுமாம்.

நம் வாழையிலை விருந்துக்கும் இவ்வாறே முறைகள் உண்டு. இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். உண்டு முடித்ததும் இலையைத் தம்மை நோக்கி மடிப்பது மங்கல விருந்தின் முறை. பந்தியில் மற்றவர் உண்டுகொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து போவது அழகன்று. மூன்று இனத்தாரின் விதிகளும் வெவ்வேறாக இருந்தாலும் ‘நீ தனியாக உண்ணவில்லை’ என்ற ஒரே செய்தியைத்தான் அவை பிள்ளைக்குச் சொல்கின்றன.

வயதுக்கேற்ற பாடம்

எல்லாப் பண்புகளையும் ஒரே நாளில் கற்பிக்க முயன்றால் பிள்ளைக்கும் நமக்கும் கண்ணீர்தான் மிஞ்சும். படிப்படியாகப் போக வேண்டும்.

இரண்டு, மூன்று வயதில் கை கழுவுதல், ஓரிடத்தில் உட்கார்ந்து உண்ணுதல், தானே எடுத்து உண்ணுதல் ஆகிய மூன்றும் போதும். இவ்வயதில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிய காரியம். சோறு சிந்தத்தான் செய்யும். சிந்தாமல் இருக்க வேண்டும் என்று நாமே ஊட்டிவிட்டால், உருட்டி எடுக்கும் பழக்கம் விரல்களுக்கு வராது. கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டால் வேலை எளிது.

நான்கு, ஐந்து வயதில் பிள்ளைக்கு ஒரு சிறு பொறுப்பைக் கொடுக்க வேண்டும். தட்டுகளை எண்ணி வைப்பது, ஒவ்வொருவருக்கும் தண்ணீர்க் குவளை வைப்பது போன்றவை இவ்வயதுக்கு ஏற்றவை. எல்லாருக்கும் பரிமாறும்வரை காத்திருத்தல், வாயை மூடி மெல்லுதல், வாயில் உணவோடு பேசாதிருத்தல் ஆகியவற்றை இப்போது சொல்லலாம். பிடிக்காத உணவைப் பார்த்து ‘ச்சீ’ என்னாமல் ‘எனக்கு இது வேண்டாம்மா’ என்று சொல்லவும் பழக்கலாம். சமைத்தவரின் உழைப்பை மதிக்கும் பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

ஆறு, ஏழு வயதில் மற்றவருக்குப் பரிமாறக் கற்றுக்கொடுக்கலாம். கடைசிக் கோழித்துண்டை எடுக்கும் முன் ‘யாருக்காவது வேண்டுமா?’ என்று கேட்பது, உண்ட தட்டைத் தானே எடுத்துச் சென்று கழுவுமிடத்தில் வைப்பது, விருந்து வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்காருவது முதலியவை இவ்வயதுப் பாடங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். அது இயல்பாக அமைவது. அடித்துத் திருத்த வேண்டிய குற்றமன்று. வலக்கையால் உண்பது நம் மரபு என்பதைப் பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிப் பழக்கலாம். முடியாத பிள்ளைக்கு இடக்கையில் கரண்டியைக் கொடுத்துவிடலாம். விருந்தில் எல்லார் முன்னிலையிலும் கையில் தட்டி அவமானப்படுத்துவது, பண்பைக் கற்பிக்கப் பண்பற்ற வழியைக் கையாள்வதாகும்.

‘ஒரு பருக்கை மிச்சம் வைக்காதே’

உணவை வீணாக்கக்கூடாது என்பது நம் இரத்தத்தில் ஊறியது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த என் பாட்டிக்குத் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மனம் பொறுக்காது. ஆனால், பெரியவர் அளந்து போட்ட சோற்றைப் பிள்ளை முழுவதும் தின்றே தீர வேண்டும் என்பது வேறு. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பசியறிந்து அளவோடு உண்பதையே நலம் என்கிறது. தன் பசியின் அளவைப் பிள்ளை எப்போதுதான் அறிந்துகொள்வது?

அமெரிக்க உணவியல் வல்லுநரான எலின் சாட்டர் இதற்கு ஓர் எளிய வழியைக் கூறுகிறார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவற்றைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பவற்றைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். இதையே நம் வழக்கத்தோடு பொருத்திப் பார்த்தால், முதலில் குறைவாகப் போட்டு, வேண்டுமானால் மீண்டும் கேட்கச் சொல்லலாம். தானே கேட்டு வாங்கியதை மிச்சம் வைக்கக்கூடாது என்பது நியாயமான விதி. சோறும் வீணாகாது, பிள்ளையும் அழாது.

கைப்பேசியும் நாமும்

இன்று உணவகங்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். பிள்ளையின் முன்னால் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்த கைப்பேசியில் படம் ஓடுகிறது. வாய் தானாகத் திறக்கிறது; அம்மா ஊட்டுகிறார். வாயில் போவது சோறா ரொட்டி சானாயா என்றுகூடப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்றும் கூறியது. மூன்று வேளை உணவுக்கும் திரையைக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரம் உணவிலேயே முடிந்துவிடும்.

ஆனால், பிள்ளையிடம் மட்டும் கைப்பேசியைப் பிடுங்கிப் பயனில்லை. கல்வித்துறை மாணவர்கள் அனைவரும் படிக்கும் பெயர் ஆல்பர்ட் பண்டூரா. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், தாங்களும் அவ்வாறே அடித்ததை அவருடைய 1961ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே கற்கின்றனர். அப்பா ஒரு கையில் புலனச் செய்திகளைத் தள்ளிக்கொண்டே மறு கையால் சோற்றைப் பிசைந்தால், பிள்ளையும் அதையே பாடமாக எடுத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் நடந்தது

அக்காள் மகன் பகல் முழுவதும் குழந்தைப் பராமரிப்பு மையத்தில் இருக்கிறான். அங்கே ஆங்கிலமும் மலாயும்தான் பேசுகிறார்கள். வீடு திரும்ப மாலை 6.30 மணி ஆகிவிடும். இரவு உணவு கைப்பேசியோடு முடியும், பிறகு உறக்கம். பாட்டியோ எல்லாரும் உண்ட பின், அடுப்படியில் முக்காலியில் அமர்ந்து தனியாக உண்பார். ஒரே வீட்டில் வாழ்ந்தும், அவனும் பாட்டியும் ஒருவரோடொருவர் நாலு வார்த்தை பேசுவதற்கு வாய்ப்பில்லாமல் இருந்தது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அவனுக்கோ தமிழ் மறந்துகொண்டிருந்தது. பாட்டிக்கு வயது 78. அந்த வாய்ப்பு எத்தனை ஆண்டு நீடிக்கும் என்ற எண்ணமே எங்களைச் செயல்பட வைத்தது.

நான் நெடுவிடுமுறையில் வீட்டில் இருந்த சமயம், இரவு உணவை மட்டும் எடுத்துக்கொண்டோம். மணி 7.30, தொலைக்காட்சி கிடையாது, எல்லாருடைய கைப்பேசியும் குளிர்சாதனப் பெட்டியின் மேலுள்ள கூடையில். பாட்டிக்கு மூட்டு வலி என்பதால் பாயை விட்டுவிட்டு மேசையைத் தேர்ந்தெடுத்தோம். பையனைப் பாட்டியின் பக்கத்தில் உட்காரவைத்தோம். எழுந்து ஓடினால் யாரும் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் போகக்கூடாது. படுக்கும் முன் வழக்கமான பால் உண்டு, வேறு தின்பண்டம் இல்லை. முதல் வாரம் அழுகைதான். பாட்டியே, “பாவம்டி, புள்ள பசியோட தூங்குது, அந்தப் போன குடுத்துத் தொலைங்க” என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார். அக்காள் அசையவில்லை.

மூன்றாம் வாரத்தில் தட்டு எண்ணி வைக்கும் வேலையை அவனிடம் கொடுத்தோம். ஏழு தட்டு. ‘ஒன்று, இரண்டு’ என்று பாட்டி சொல்லச் சொல்ல எண்ணினான். பாட்டி சோற்றைச் சிறு கவளங்களாக உருட்டி அவன் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். மரம் வெட்டப் போகும்போது தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோன கதையை ஒருநாள் சொன்னார். “பெரிய பாட்டி, காட்டுல டைகர் வந்துச்சா?” என்று கேட்டான். “புலியெல்லாம் வரல ஐயா, கொசுதான் வந்துச்சு. நம்ம பசியாறதுக்குள்ள அது பசியாறிடும்” என்றார் பாட்டி. மேசையே சிரித்தது. மறுநாள் அவனாகவே, “பெரிய பாட்டி, கொசு கதை” என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

அப்பா வேலை முடிந்து தாமதமாக வரும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் நாங்கள் உண்ணத் தொடங்கும் முன், அவருடைய பங்கைத் தனியே எடுத்து மூடி வைக்கிறோம். மீந்ததை அவருக்கு வைப்பதில்லை. இப்போது “தாத்தாவுக்கு எடுத்து வச்சாச்சா?” என்று பையனே கேட்கிறான். பந்தியில் இல்லாதவரையும் நினைக்கும் இப்பழக்கத்தைத்தான் நான் உயர்ந்த உணவுவேளைப் பண்பாகக் கருதுகிறேன்.

அவன் இன்னும் முட்டைக்கோஸைத் தொடுவதில்லை. சில நாள் நடுவில் எழுந்து ஓடுகிறான். ஆயினும், தமிழில் கேட்கிறான். தமிழில் பதில் சொல்கிறான்.

உணவு மேசையின் தமிழ்

இதனை மொழிக் கண்கொண்டும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் ஸ்னோ, குடும்ப உணவுவேளை உரையாடல்களை ஆராய்ந்தவர். அன்றாடப் பேச்சில் அதிகம் வராத சொற்களையும், நடந்ததைக் கோவையாகச் சொல்லும் திறனையும் பிள்ளைகள் அவ்வுரையாடல்களின்வழி பெறுகின்றனர் என்பது அவர் ஆய்வுகளின் சாரம்.

தமிழில் இதன் பயன் இன்னும் மிகுதி. சோற்றைப் போடுகிறோம், குழம்பை ஊற்றுகிறோம், அப்பளத்தை வைக்கிறோம், நெய்யை விடுகிறோம், ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறோம். பிசை, கிள்ளு, உருட்டு, வழி, உதிர் என்று விரல்களின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சொல் இருக்கிறது. இச்சொற்களைப் பாடநூல் கற்பிப்பதற்கு முன்பே சோறு கற்பித்துவிடும். இடைநிலைப்பள்ளியில் வாரத்துக்குச் சில பாடவேளைகளே தமிழுக்குக் கிடைத்த ஐந்தாண்டுகளில், என் தமிழ் மங்காமல் இருந்ததற்கு அம்மாவின் சாப்பாட்டுப் பேச்சும் ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

யார் கடைசியில் உண்கிறார்?

மரபைப் போற்றும்போது அதில் மாற்ற வேண்டியதையும் சொல்லத்தான் வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் அம்மா நின்று பரிமாறுகிறார். எல்லாரும் எழுந்த பின் ஆறிய சோற்றை உண்கிறார். மகள் தண்ணீர் கொண்டுவர அழைக்கப்படுகிறாள். மகன் உட்கார்ந்தபடி கேட்கிறான். பண்டூராவின் கூற்று இங்கும் பொருந்துமல்லவா? பெண் கடைசியில் உண்பவள் என்ற பாடத்தை யாரும் வாய் திறந்து சொல்லாமலேயே பிள்ளை கற்றுவிடுகிறது. எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு அனைவரும் ஒன்றாக உட்கார்ந்தால், தேவையானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் அத்தான் பரிமாறுகிறார். மாமியார் வீட்டில் மருமகன் அகப்பையைப் பிடிப்பதா என்று பாட்டிக்கு முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இப்போது, “இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க தம்பி” என்று அவரே கேட்கிறார்.

முடிவுரை

எல்லாக் குடும்பத்தாலும் நாள்தோறும் ஒன்றாக உண்ண இயலாது என்பதை நான் அறிவேன். பெற்றோர் இருவரும் முறை மாற்றி வேலை செய்யும் வீடுகளும், ஒற்றைத் தாய்மார்கள் நடத்தும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அவர்கள் வாரத்தில் ஒரு வேளையை, ஞாயிற்றுக்கிழமைப் பசியாறலையாவது, குறித்து வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வேளையில் திரை இல்லாமலும் துரத்தல் இல்லாமலும் ஒன்றாக உட்கார்ந்தாலே பாடம் தொடங்கிவிடும்.

நண்பர்களே, இது பெற்றோருக்கு மட்டும் உரிய வேலையன்று. வார இறுதியில் வீட்டிற்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் ஒரு சித்தியோ மாமாவோ அண்ணனோ அக்காளோ ஆவார். நாம் எப்படி உண்கிறோம் என்பதை ஒரு சிறு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. விடுதி உணவகத்திலும் நாம் நால்வராய் உட்கார்ந்து நான்கு திரைகளைப் பார்த்தபடிதான் உண்கிறோம். நாளை பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதை அங்கே இன்றே பழகத் தொடங்குவோமாக. அடுத்த முறை வீட்டிற்குப் போகும்போது, கடைசியில் தனியாக உண்பவர் யார் என்று பார்த்து, அவரை முதலில் பந்திக்கு அழைப்போம்.